மேசைக் கணினி உயிர்பெறாதபோது: சுவர்ச் சுவிட்சிலிருந்து மதர்போர்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொத்தானை அழுத்தியும் கணினியில் அசைவே இல்லை என்றால், சிங்கப்பூரில் பலர் செய்யும் முதல் காரியம் எம்ஆர்டி ரயில் ஏறி, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்ப் புதிய பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டி) ஒன்றை வாங்கி வருவதுதான். சமூக மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாரின் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் எனக்கு உண்டு. புதிய பவர் சப்ளையோடும் அதே பழைய கோளாறோடும் என் மேசைக்கு வந்த கணினிகள் பல. அவற்றுள் ஒன்றில் பழுதாகியிருந்தது பிளக்குக்குள் இருந்த ஃபியூஸ் மட்டுமே.

இந்த வேலையில் கைத்திறனைவிட வரிசைதான் முக்கியம். சுவரில் தொடங்கி உள்நோக்கிப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பொத்தானை அழுத்திப் பார்த்து, கண்டதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றிக் கணினி ஓடத் தொடங்கிவிட்டால், கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

1. கையில் இருக்க வேண்டியவை

நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்று, கைவிளக்கு ஒன்று, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று, மதர்போர்டின் (எல்லா உறுப்புகளும் செருகப்படும் முதன்மைப் பலகை) கையேடு ஆகியவை போதும். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் சிம் லிம் டவரில் உள்ள மின்னணுச் சாமான் கடைகளில் விலை குறைந்த ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட்டை அளப்பதற்கு அதுவே தாராளம். கையேடு தொலைந்திருந்தால், மதர்போர்டில் அச்சிடப்பட்டிருக்கும் மாடல் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணினியே ஓடாத நேரத்தில் இதைத் தேடுவது எரிச்சலூட்டும் வேலை.

எதையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு படம் போதாது. ஒவ்வொரு இணைப்பையும் அருகிலிருந்து எடுக்க வேண்டும். கழற்றும்போது எல்லாம் நினைவிருக்கும் போலத்தான் தோன்றும். மாட்டும்போதுதான் அது பொய் என்று தெரியும்.

செருகியே செய்ய வேண்டும் என்று கீழே சொல்லும் சோதனைகள் தவிர, கணினியைத் திறக்கும் எல்லா நேரத்திலும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணில் படும்படி மேசை மேல் வையுங்கள். சுவர்ச் சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் கணினிக்குள் கைவைத்திருக்கும்போது, அணைந்திருக்கும் சுவிட்சைக் கண்ட வீட்டார் யாராவது கைப்பேசிக்குச் சார்ஜ் போட அதைத் தட்டிவிடலாம். பிடுங்கிய பிளக்குக்கு அந்த ஆபத்து இல்லை.

2. "ஓடவில்லை" என்பது எந்த வகை என்று முதலில் பிரித்தல்

ஓடாத கணினிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எந்த வகை என்பதைப் பொறுத்தே நீங்கள் தொடங்க வேண்டிய இடம் மாறுகிறது என்பதால், முதலில் பொத்தானை அழுத்திவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள்.

விளக்கு இல்லை, விசிறி இல்லை, ஒலியும் இல்லை என்றால் மூன்றாம் பகுதியிலிருந்து வரிசையாகப் போக வேண்டும். வீட்டின் மின்சாரமே போய்விடுகிறது என்றால் நேராக நான்காம் பகுதிக்குப் போங்கள். அதைப் படித்து முடிக்கும்வரை பொத்தானை மறுபடி அழுத்த வேண்டாம். விசிறி ஒரு நொடி சுழன்று நின்றுவிட்டால், அல்லது நின்று நின்று மறுபடி சுழன்றால், எங்கோ குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) இருக்கிறது அல்லது ஏதோ ஓர் உறுப்பு மிகையாக மின்சாரத்தை இழுக்கிறது என்று பொருள். இந்த நிலையில் ஆறாம், ஒன்பதாம் பகுதிகளே முக்கியம். விசிறிகள் நிற்காமல் சுழன்றும் திரையில் எதுவும் வராதவர்கள் பத்தாம் பகுதிக்குப் போகலாம்.

இந்தக் கடைசி வகையைத்தான் புதியவர்கள் மிகுதியாகக் குழப்பிக்கொள்கிறார்கள். திரை கறுப்பாக இருந்தாலே "கரண்ட் வரவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். விசிறி சுழல்கிறது என்றால் பவர் சப்ளை பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதை மாற்றிப் பயனில்லை.

3. சுவரும் கேபிளும்

கணினி செருகியிருந்த சுவர்ச் சாக்கெட்டிலேயே மேசை விளக்கையோ கைப்பேசிச் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். அடுத்த அறைச் சாக்கெட்டில் சோதித்தால் கணக்கில்லை. எக்ஸ்டென்ஷன் வழியாகக் கணினி ஓடியிருந்தால், அதை விலக்கிவிட்டுக் கணினியை நேரடியாகச் சுவரில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷனின் விளக்கு எரிந்தாலும் உள்ளே ஒரு துளையின் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கக்கூடும். ஊரிலிருந்து கொண்டுவந்த வட்டக் கால் பிளக்கை அடாப்டர் போட்டு மாட்டியிருப்பவர்கள் அந்த அடாப்டரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவைக் குத்தித் தடுப்பைத் திறந்து இரண்டு கால் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. மேசைக் கணினிக்கு நில இணைப்பு (எர்த்) கட்டாயம் வேண்டும் என்பதால், அந்த வழியில் ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

அடுத்து, சுவருக்கும் கணினிக்கும் இடையிலுள்ள கேபிள். திரைக்குப் போகும் கேபிளும் பெரும்பாலும் இதே வகையாக இருக்கும். திரையின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதன் கேபிளைக் கழற்றிக் கணினியில் மாட்டிப் பாருங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றம் பல கணினிகளை எழுப்பியிருக்கிறது. கணினி ஓடினால் பழைய கேபிளின் மூன்று கால் பிளக்குக்குள் உள்ள ஃபியூஸைக் கழற்றி, மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துப் பாருங்கள். ஒலி வராவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. அதில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவிலேயே புதியதை வாங்க வேண்டும்; எரிந்த ஃபியூஸை அலுமினியத் தாளால் சுற்றிச் சமாளிப்பது தீப்பிடிக்கும் வழி. புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் கோளாறு கேபிளில் அல்லது கணினியில் இருக்கிறது.

கணினியின் பின்பக்கம் பவர் சப்ளையில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். நேர்கோட்டுக் குறி உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் இயக்கம். வட்டக் குறி உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் நிறுத்தம். மேசையைச் சுவரோடு தள்ளும்போதும், பின்பக்கத்தைத் துடைக்கும்போதும் இது தானாக அணைந்துவிடுவதுண்டு.

பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். சிங்கப்பூரின் மின்னழுத்தம் 230 வோல்ட். அந்தச் சுவிட்ச் 115இல் இருக்கும் நிலையில் இங்கே செருகினால், நொடியில் வெடிச்சத்தத்தோடு பவர் சப்ளை போய்விடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கணினியாக இருந்தால், செருகுமுன் இதைப் பாருங்கள். அத்தகைய சுவிட்சே இல்லாத புதிய வகைகள் இரண்டு அழுத்தங்களையும் தாமே ஏற்றுக்கொள்கின்றன.

4. வீட்டின் மின்சாரமே விழுந்தால்

டிபி பெட்டியை (வீட்டின் மின்சுற்றுச் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) திறந்து எந்தச் சுவிட்ச் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தனித்தனிச் சுற்றுக்கான சிறிய சுவிட்ச் விழுந்தால், அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் அல்லது நேரடிக் குறுக்கிணைப்பு. ஆர்சிசிபி என்னும் மின்கசிவுச் சுவிட்ச் விழுந்தால், மின்சாரம் நில இணைப்புக்குக் கசிகிறது. வீடுகளில் பொருத்தப்படும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள்ளேயே விழுந்துவிட வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபி இருப்பதால், கணினியின் கோளாறு குளிர்பதனப் பெட்டியையும் சேர்த்து அணைத்துவிடுகிறது. எல்லாக் குடியிருப்புகளிலும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் இது பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டில் இல்லை என்றால் கணினியை விட்டுவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியை மேலே தள்ளுங்கள். அப்போதும் நிற்காமல் விழுந்தால் கணினிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேறு ஏதோ கருவி கசிகிறது. நின்றால், கேபிளை மட்டும் சுவரில் செருகி, மறுமுனையைக் கணினியில் மாட்டாமல் சுவிட்சைப் போடுங்கள். விழுந்தால் கேபிள் குற்றவாளி. விழாமலிருந்து, கணினியை இணைத்ததும் விழுந்தால் பவர் சப்ளை குற்றவாளி. அதை இதற்கு மேல் சோதிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இந்தச் சோதனையை ஒருமுறை செய்தால் போதும். மீண்டும் மீண்டும் ஆர்சிசிபியைத் தள்ளிப் பார்ப்பதும், ஆபத்தைத் தவிர்ப்பதற்காக வைத்த கருவியோடு மல்லுக்கு நிற்பதும் அறிவுடைமை ஆகா. டிபி பெட்டிக்குள் கைவைக்க வேண்டிய நிலை வந்தால், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

5. திறக்குமுன் எஞ்சிய மின்சாரத்தை வடித்தல்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். பின் சில நிமிடம் விட்டுவிட்டு மறுபடி செருகி ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இது மந்திரம் இல்லை. பவர் சப்ளையில் பாதுகாப்புச் சுற்று ஒன்று உண்டு. மின்னழுத்தம் தாறுமாறானால் அது எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்தால்தான் அந்தப் பூட்டு விலகும். ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் இடி மின்னலோடு மழை பெய்த மறுநாள் வரும் கணினிகளில் சில இதிலேயே சரியாகிவிடுகின்றன. சரியாகிவிட்டால் மகிழ்ச்சி, ஆனால் அடுத்த வாரமும் இதையே செய்ய வேண்டியிருந்தால் பூட்டுவதற்கான காரணம் உள்ளே இருக்கிறது என்று கொண்டு மேலே போங்கள்.

6. கண்ணாலும் மூக்காலும் பார்த்தல்

பக்கத் தகட்டைக் கழற்றியதும் எதையும் தொடாமல் முதலில் மோந்து பாருங்கள். எரிந்த வாடை பவர் சப்ளையின் காற்றுத்துளையிலிருந்து வந்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. பிறகு கைவிளக்கை அடித்து, மதர்போர்டில் உருளை வடிவில் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்தோ பழுப்புக் கசிவோடோ இருந்தால் மதர்போர்டு தன் காலத்தை முடித்துக்கொண்டது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கணினிப் பெட்டிக்குள் வாழ விரும்பும் உயிர்கள் பல. கரப்பான்பூச்சியும் எறும்பும் பல்லியும் வெதுவெதுப்புக்காக உள்ளே போகின்றன. மதர்போர்டின் பின்பக்கம் குறுக்கே விழுந்து கருகிப்போன பல்லிக் குட்டியைக் கண்ட பிறகு, உணவருந்தும் மேசை மேல் கணினியைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். தூசியை மென்மையான தூரிகையால் தள்ளி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

அடுத்து இணைப்புகள். 24 கால்கள் கொண்ட பெரிய இணைப்பையும், கணினியின் மூளையான பிராசஸருக்கு அருகில் மேல் மூலையில் இருக்கும் 8 கால் இணைப்பையும் கழற்றி, கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். பார்வைக்கு மாட்டியிருப்பது போல் இருந்துவிட்டு அரைகுறையாக நிற்பது இவற்றின் வழக்கம். சொந்தமாகக் கணினி கட்டிய மாணவர்கள் செய்யும் பெரிய பிழை ஒன்று உண்டு. திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 கால் இணைப்பைப் பிராசஸர் துளையில் வலிந்து திணிப்பதுதான் அது. பிராசஸருக்கானது நான்கும் நான்குமாகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் நில இணைப்பும் இடம் மாறி இருப்பதால், மாற்றி மாட்டினால் குறுக்கிணைப்பு ஏற்பட்டுப் பவர் சப்ளை எழ மறுக்கும்.

முன்பக்க யூஎஸ்பி துளைகளையும் பாருங்கள். உள்ளேயுள்ள தகடு வளைந்து உலோக ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஒன்றே கணினியை எழவிடாமல் செய்யக்கூடும். வீடு மாறியதும் ஓடாமற்போன கணினியாக இருந்தால் நினைவகப் பலகையான ராமும் கிராஃபிக்ஸ் கார்டும் ஆட்டத்தில் தளர்ந்திருக்கும். இரண்டையும் கழற்றி மாட்டுங்கள்.

7. பொத்தானை ஒதுக்கிவிட்டுப் பார்த்தல்

முன்பக்கப் பொத்தான் மலிவான உறுப்பு. அது தேய்ந்து பழுதாகும். அதைச் சோதிக்க அதை முழுதாக விலக்கிவிட வேண்டும்.

பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பி இரட்டை, மதர்போர்டின் கீழ் ஓரத்தில் ஒரு சிறு முள்வரிசையில் செருகியிருக்கும். பல மதர்போர்டுகளில் இந்த வரிசையில் பத்து இடங்களுக்கு ஒன்பது முட்கள்தான் உண்டு. முள் இல்லாத இடம் இருக்கும் வரிசையில், அதற்கு அடுத்தடுத்த இரண்டு முட்களே பொத்தானுக்கானவை. கையேட்டில் உறுதிசெய்துகொண்டு, செருகியிருப்பதை உருவிவிட்டு, பிளக்கைச் சுவரில் போட்டு, அந்த இரண்டு முட்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். பொத்தான் செய்யும் வேலையும் இவ்வளவுதான். வேறு முட்களில் பட்டுவிடாமல் கவனமாக இருங்கள்.

கணினி எழுந்தால் கோளாறு பொத்தானில். புதிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. ரீசெட் பொத்தானின் கம்பியை இந்த முட்களில் மாட்டிவிட்டால் அதுவே இனி பவர் பொத்தான். அண்டைவீட்டு அக்கா ஒருவரின் கணினி இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

8. பவர் சப்ளையைச் சோதித்தல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது: பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே நேர்மின்னாக (டிசி) மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். இங்கே சொல்லும் அளவைகள் எல்லாம் வெளியே வரும் கம்பிகளில் செய்பவை.

முதலில், எதையும் கழற்றாமல். மல்டிமீட்டரை நேர்மின் 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகத்தில் வையுங்கள். பிளக் செருகி, பின்பக்கச் சுவிட்சும் போட்டிருக்க வேண்டும். சிவப்பு முனையை 24 கால் இணைப்பின் முதுகுப்பக்கமாக, ஊதாக் கம்பி நுழையும் துளைக்குள் மெதுவாகச் செருகுங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் இங்கே 5 வோல்ட் இருந்தே தீர வேண்டும், 4.75 முதல் 5.25 வரை சரி. பொத்தான் அழுத்துவதைக் கவனித்துக்கொண்டிருக்க மதர்போர்டுக்கு வேண்டிய காவல் மின்சாரம் இதுதான். இது இல்லையென்றால், 24 கால் இணைப்பை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் பவர் சப்ளை இறந்துவிட்டது. உருவியதும் 5 வோல்ட் வந்துவிட்டால், அதை இழுத்துக் கீழே தள்ளுவது மதர்போர்டு அல்லது அதில் செருகியிருக்கும் ஏதோ ஒன்று.

5 வோல்ட் சரியாக இருந்தால் முனையைப் பச்சைக் கம்பிக்கு மாற்றுங்கள். பொத்தான் அழுத்தாதவரை இங்கே சில வோல்ட் இருக்கும். அழுத்தியதும் மதர்போர்டு அதைச் சுழிக்கு இறக்குகிறது. "எழு" என்று பவர் சப்ளைக்குச் சொல்லும் கட்டளை அதுதான். அழுத்தியும் வோல்ட் இறங்கவில்லை என்றால் கட்டளையே போகவில்லை. பொத்தானை ஏற்கெனவே ஒதுக்கிப் பார்த்துவிட்டதால் சந்தேகம் மதர்போர்டின் மேல் விழுகிறது. இறங்கியும் பவர் சப்ளை எழவில்லை என்றால், அது பழுதாகியிருக்கிறது அல்லது குறுக்கிணைப்பைக் கண்டு ஒதுங்குகிறது. கடைக்கு ஓடுமுன் கிடைக்க வேண்டிய தகவல் இதுதான். புதியவர்கள் இந்த அளவையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த இரண்டில் எது என்று அறிய, பவர் சப்ளையைத் தனியே எழுப்ப வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள் எல்லாவற்றிலிருந்தும் அதன் இணைப்புகளைக் கழற்றுங்கள். 24 கால் இணைப்பில் பச்சைக் கம்பிக்கும் அதற்குப் பக்கத்துக் கறுப்புக் கம்பிக்கும் இடையே, வளைத்த பேப்பர் கிளிப் ஒன்றைச் செருகுங்கள். கிளிப்பைச் செருகிய பிறகே பிளக்கைப் போட வேண்டும், வரிசை மாறக்கூடாது.

கம்பிகள் எல்லாமே கறுப்பாக இருந்தால் இப்படிக் கண்டுபிடிக்கலாம். இரண்டு வரிசைகளுள் ஒன்றில் ஒரு துளை மட்டும் கம்பி இல்லாமல் காலியாக இருக்கும். அதற்கு ஒரு பக்கம் நான்கு துளைகளும் மறுபக்கம் ஏழு துளைகளும் இருக்கும். ஏழு உள்ள பக்கமாக, காலித் துளைக்கு அடுத்ததிலிருந்து எண்ணினால் நான்காவது துளையே பச்சைக் கம்பிக்கு உரிய இடம். அதன் இருபுறமும் இருப்பவை நில இணைப்புகள்.

சுவிட்சைப் போட்டதும் பவர் சப்ளையின் விசிறி சுழன்றால் நல்ல அறிகுறி. சுழலாவிட்டால் அதையே முடிவாகக் கொள்ளாதீர்கள். சூடாகும்வரை விசிறியைச் சுற்றாத வகைகள் இன்று நிறைய உண்டு. அளந்துதான் பார்க்க வேண்டும். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருந்தால் சரி. சாம்பல் கம்பியில் 5 வோல்ட் அளவில் இருந்தால், "என் அழுத்தங்கள் நிலைபெற்றுவிட்டன" என்று பவர் சப்ளையே சொல்கிறது.

அளவைகள் எல்லாம் சரியாக இருந்தும் முழுச் சுமை வரும்போது தளர்ந்துபோகும் பவர் சப்ளைகள் உண்டு. ஆகவே தனியே எழாத பவர் சப்ளை கெட்டது என்று நம்பலாம். தனியே எழுந்துவிட்டதனால் மட்டும் அது நல்லது என்று நம்ப முடியாது.

9. ஒவ்வொன்றாகக் கழற்றிக் குறைத்தல்

பவர் சப்ளை தனியே எழுகிறது, மதர்போர்டோடு சேர்ந்தால் எழவில்லை என்றால், எதுவோ அதை இழுத்துப் பிடிக்கிறது. மதர்போர்டு, பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், பவர் சப்ளை இவை ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் கழற்றுங்கள். யூஎஸ்பி சாதனங்கள், முன்பக்கத் துளைகளுக்கான கம்பிகள், டிஸ்க்குகள், வண்ண விளக்குகள் எல்லாம் போக வேண்டும். நான்கு ராம் இடங்கள் இருந்தால், பிராசஸரிலிருந்து இரண்டாவது இடத்தில் ராமைச் செருகுவது பெரும்பாலான மதர்போர்டுகளுக்குப் பொருந்தும்.

எழுந்துவிட்டால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, மாட்டி, செருகி, அழுத்த வேண்டும். சலிப்பாக இருக்கும். சலித்துப்போய் மூன்றை ஒன்றாக மாட்டியவர்கள் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து கழற்றியிருக்கிறார்கள்.

அப்போதும் எழாவிட்டால் மதர்போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அட்டைப்பெட்டியின் மேல் வைத்துச் சோதியுங்கள். தாங்கு திருகாணி ஒன்று தவறான இடத்தில் நின்று மதர்போர்டின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, விழுந்த திருகாணி அடியில் சிக்கியிருந்தாலோ, வெளியே எடுத்ததும் ஓடிவிடும். மதர்போர்டு வந்த வெள்ளிநிறப் பையின் மேல் வைத்துச் சோதிக்காதீர்கள். அந்தப் பையின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. வெற்று அட்டை போதும்.

அட்டையின் மேலும் அசைவில்லை, பவர் சப்ளையும் நல்லது என்றால், மிச்சமிருப்பவை மதர்போர்டும் பிராசஸரும். இவ்விரண்டில் பழுதாவது பெரும்பாலும் மதர்போர்டுதான்.

10. விசிறி சுழன்றும் படம் வராவிட்டால்

திரைக் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மதர்போர்டின் துளையில் செருகிவிட்டுத் தவிப்பவர்களை மாதம் ஒருவரையாவது காண்கிறேன். தலைகீழ் நிலையும் உண்டு. சோதனைக்காகக் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் துளையில் செருகுவார்கள். ஆனால் அவர்களின் பிராசஸரிலேயே படம் தரும் வசதி இராது. இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அந்த வசதி இல்லை என்று பொருள்.

மதர்போர்டின் ஓரத்தில் பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால், எதில் நின்றுவிடுகிறது என்று பாருங்கள். ராம் விளக்கில் நின்றால் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களை மாணவர்கள் பயன்படுத்தும் வெள்ளை அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டுங்கள். ஈரக் காற்றில் அந்தக் கால்களில் படியும் மெல்லிய படலம் இங்கே அடிக்கடி தொல்லை தருகிறது. ஒரு ராமை மட்டும் வைத்து ஒவ்வோர் இடமாக மாற்றியும் பாருங்கள்.

டிடிஆர் 5 ராம் போட்ட புதிய கணினி, முதன்முறை எழும்போது ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையின்றி நடுவில் அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் காத்திருங்கள்.

கடைசியாக, பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) அமைப்புகளை அழித்தல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாணயம் போன்ற சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். கையேட்டில் இதற்கென ஜம்பர் (முட்களை இணைக்கும் சிறு மூடி) காட்டியிருந்தால் அது இன்னும் உறுதியான வழி. பேட்டரி புதிதாக 3 வோல்ட் காட்டும்; வெகுவாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை சில வெள்ளிதான்.

11. வாங்கவோ பழுதுபார்க்கவோ போகும்போது

குற்றவாளி எதுவென்று தெரிந்த பிறகே கடைக்குப் போங்கள். எழுதிவைத்த தாளையும் கொண்டுபோங்கள். "ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருக்கிறது, பச்சைக் கம்பி சுழிக்கு இறங்குகிறது, பவர் சப்ளை எழவில்லை" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம், வேண்டாத உறுப்புகளை மாற்றச் சொல்லிக் கட்டணம் கேட்பது கடைக்காரருக்கு எளிதல்ல. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், ரசீதைத் தேடி எடுத்து அந்த வழியிலேயே போங்கள்.

கணினியைக் கடையில் விட்டுவருமுன் ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கோளாறைச் சரிசெய்ய அவை தேவையில்லை. உங்கள் படங்களும் வங்கிக் கணக்குத் தாள்களும் அவற்றில்தான் இருக்கின்றன.

புதிய பவர் சப்ளை வாங்கினால், அதனோடு வரும் கேபிள்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரு முனையும் கழற்றக்கூடிய மாடுலர் கேபிள்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், பவர் சப்ளைப் பக்கம் கால்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல் மாறும். பழைய கேபிள்கள் பெட்டிக்குள் அழகாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றனவே என்று அப்படியே விட்டுப் புதிய பவர் சப்ளையில் செருகினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க்குகள் ஒரே நொடியில் எரிந்துபோகும். பழைய பவர் சப்ளையைக் கழிக்கும்போது அதன் கேபிள்களையும் அதோடு சேர்த்துக் கட்டி, மின்கழிவாகவே கொடுத்துவிடுங்கள்.